ஒன்றன்பால்

கடல் உள்வாங்கும் நான்கு மணி நேரம்தான் எங்களுக்கு.
அதற்குள் பாறையைப் பெயர்த்து
வாளி வாளியாக மேடேற்றியாக வேண்டும்.
மறுநாள் போனால் குழி நிறைய மணல்,
நேற்று யாருமே வரவில்லை என்பதுபோல.

இன்வெர்லாக்கில் பிப்ரவரி.
டாண்டினாங்கில் என் கிளினிக்கைப் பூட்டிவிட்டு
ஆண்டுக்குப் பத்து நாள் இங்கே கல்லுடைக்கிறேன்.
பல் டாக்டருக்கு விடுமுறையிலும் பல்தானா என்று
கேட்காதவர் இல்லை.

தாடையைக் கண்டது தூயென்.
பாக்களவு கல் இரண்டாகப் பிளந்தபோது
உள்ளே ஒரு கறுப்புக் கீற்று.
"நிலக்கரி" என்றான் பக்கத்தில் இருந்தவன்.
அவள் எச்சில் தொட்டுத் தடவினாள்.
கரி மங்கும். இது மின்னியது.

வாடகை வீட்டுச் சமையலறை மேசையில்
தக்காளி சாஸுக்கும் ரொட்டிக்கும் நடுவே நுண்ணோக்கி.
பதினொரு மில்லிமீட்டர். நான்கு பற்கள்.
மார்னி டக்வொர்த் கண்ணை எடுக்கவே இல்லை.
பானையும் போய், அடுப்பும் போய்,
ஒற்றைப் பருக்கை மிஞ்சினால்
அதைக்கொண்டு பானையைச் சொல்கிற தொழில் அவருடையது.

"நான்கும் கடைவாய்ப்பல்.
இந்தக் கூட்டத்தில் மூன்றுக்குமேல் கண்டதே இல்லை."
இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது என்றார்.
ஒயின் திறந்தார்கள்.
தூயென் என்பதை லத்தீனில் எப்படி வளைப்பது என்று
காகிதக் கைக்குட்டையில் எழுதிப் பார்த்தார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.
தட்டுகளைக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு, இன்னொருமுறை குனிந்தேன்.
வரிசையில் முதலில் நின்ற பல்
மற்ற மூன்றையும்விடத் தேய்ந்திருந்தது. எனாமல் மெலிசு.
வேர் இரண்டும் கவட்டைபோல் அகன்று
நடுவே எதற்கோ இடம் விட்டிருந்தன.

இந்த வேரை எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமை மாலைகளில்,
பள்ளி விட்டு நேரே வரும் ஆறு வயது வாய்களில்,
எக்ஸ்ரே எக்ஸ்ரேயாகப் பார்த்திருக்கிறேன்.

"மார்னி, இது கடைவாய்ப்பல் இல்லை.
பால்பல்."

ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்டது.

மெல்பேர்னிலிருந்து ஸ்கேன் வர மூன்று வாரம்.
அகன்ற வேர்களின் நடுவே, எலும்புக்குள்,
தொப்பி மட்டுமே உருவாகி
முளைக்காமல் நின்றுபோன ஒரு பல்.
கணக்கு மாறியது. கடைவாய்ப்பல் மூன்றுதான்.
அலமாரியில் ஏற்கெனவே ஒன்பது தாடை கிடக்கிற
அதே பழைய இனம்.
"பிடுங்கத்தானே உனக்குத் தெரியும்" என்றார் மார்னி,
பாதிச் சிரிப்பில். மற்றப் பாதி என்ன என்று நான் கேட்கவில்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல் இருந்தது. சொல்தான் போயிற்று.

ஆனால்
ஒரு வாய்க்கு இரண்டே முறை பல் முளைப்பது ஏன்?
தொடக்கத்தில் பல்லே தேவைப்படவில்லை.
தாடை வளரும்வரை ஊட்ட வேறோர் உடம்பு இருந்தது.
பால் கல்லாவதில்லை.
எந்தப் பாறையைப் பிளந்தாலும் அதில் ஒரு துளி கிடைக்காது.
கிடைப்பதெல்லாம் இதுதான்:
விழ வேண்டிய நாளுக்கு முன்பே
ஆற்றோடு போன ஒரு பல்.

அப்போது இங்கே கடல் இல்லை.
துருவத்துக்கு அருகே ஓர் ஆற்றுப்படுகை,
மாதக்கணக்கில் விடியாத இரவு.
பன்னிரண்டரைக் கோடி ஆண்டுக்கு முன்
பால்குடி மறந்து சில வாரமே ஆன ஒன்று
வண்டுகளைக் கடித்துப் பழகிக்கொண்டிருந்தது.
ஆணா பெண்ணா, தெரியாது.
நம் இலக்கணம் அதற்குத் தரும் இடம் ஒன்றன்பால்.
அந்தச் சொல்லின் கடைசியில் பால் இருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

பெட்டிக்குச் சீட்டெழுதும் வேலை என்னிடம் வந்தது.
இனம்: பழையது. எண்: பத்து.
குறிப்பு என்ற கட்டத்தில், கை முந்திக்கொண்டு,
தமிழில் 'குட்டி' என்று எழுதிவிட்டேன்.
அடித்துவிட்டு, முதிராத விலங்கு என்று
ஆங்கிலத்தில் எழுதினேன்.

அடித்தது இன்னும் தெரிகிறது.